ஏழைக்கு எட்டும் தூரத்தில் ஒரு திரை

‘கல்யாணப் பரிசு’ படத்தில் கே.ஏ. தங்கவேலுவுக்கு வேலை கிடையாது. வீட்டில் மட்டும் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருப்பார். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதற்கு முட்டுக்கொடுக்க மூன்றாவது பொய் என்று வளர்ந்து, கடைசியில் பத்திரிகையில் பேர் வாங்கிய எழுத்தாளர் பைரவனே நான்தான் என்பதில் வந்து நிற்கும். எதிரே மனைவியாக எம். சரோஜா. புருஷன் சொல்வதை நம்பி முதலில் பூரிப்பார். சந்தேகம் தட்டியதும் அவர் பார்க்கிற பார்வையில் தங்கவேலுவுக்கு நாக்குக் குழறும். ஸ்ரீதர் 1959இல் இயக்கிய அந்தப் படத்தின் காதல் கதை பலருக்கு மறந்திருக்கலாம். மன்னார் அண்ட் கம்பெனி யாருக்கும் மறக்கவில்லை. வேலை வெட்டியில்லாமல் சுற்றும் பையனைப் பார்த்து, “எங்கடா வேலை, மன்னார் அண்ட் கம்பெனியிலா?” என்று கேட்கும் பெரியவர்களை இன்றும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் பார்க்கலாம்.

அந்த நகைச்சுவைக்கு அடியில் கிடப்பது ஓர் ஆணின் அவமானம். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அதை வீட்டில் போய்ச் சொல்வதுதான் கொடுமை. காலையில் வழக்கம்போல் குளித்து, பசியாறி, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய், மாலை வரை எங்கேயாவது உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியவர்கள் பொருளாதாரம் விழுந்த 1998இலும் நம்மிடையே இருந்தார்கள், நடமாட்டம் முடங்கிய 2020இலும் இருந்தார்கள். தங்கவேலுவைப் பார்த்துச் சிரித்தவன் தன்னைப் பார்த்தே சிரித்தான். பக்கத்து நாற்காலிக்காரனும் அதே இடத்தில் சிரித்தபோது, இந்த நிலை தனக்கு மட்டும் வந்ததில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோனது.

கையில் காசு குறையும் ஒவ்வொரு முறையும் நம் சமூகத்தில் ஓர் உபதேசம் கிளம்பும். படம் பார்த்துக் கெட்டது போதும், கேளிக்கையைக் குறையுங்கள், அந்தக் காசைச் சேமியுங்கள் என்பார்கள். சேமிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நெருக்கடிக் காலத்தில் கேளிக்கையை முதலில் வெட்ட வேண்டிய செலவாகப் பார்ப்பது பெரும் தவறு என்று உறுதியாக நம்புகிறேன். அரிசியும் வாடகையும் உடம்பைக் காப்பாற்றும். மனிதன் மற்ற மனிதர்களோடு சேர்ந்து உட்காரவும், தன் கஷ்டத்தைத் தள்ளி நின்று பார்க்கவும் அதைத் தவிர வேறொன்று வேண்டும். நம் மக்களுக்கு அதைத் தொண்ணூறு ஆண்டுகளாகக் கொடுத்துவந்தவை பெரும்பாலும் திரைப்படங்கள்தான்.

பெட்டாலிங் ஜெயா ஓல்டு டவுன் பக்கம் ஒரு மாமாக் கடையில் அண்மையில் ஒரு தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். பகலில் தொழிற்சாலை, இரவில் செயலி வழியாகக் கார் ஓட்டுகிறார். இரண்டு பயணங்களுக்கு நடுவே தே தாரேக்கை வைத்துக்கொண்டு கைப்பேசியில் பழைய படக் காட்சி ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாகேஷ், பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் ‘காதலிக்க நேரமில்லை’ காட்சி. அந்தப் படம் வந்தபோது அவருடைய அப்பாவே பிறந்திருக்க மாட்டார். ஏன் இதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “புதுப் படத்துக்கு முழுசா உக்காரணும் அண்ணே, அதுக்கு நேரமும் இல்ல, காசும் இல்ல. இது அஞ்சு நிமிசம். சிரிச்சிட்டுப் போனா அடுத்த ஆளுகிட்ட எரிஞ்சு விழ மாட்டேன்” என்றார். சொல்லிவிட்டுத் திரையை அணைத்து, காதில் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் பார்த்த காட்சியை யோசித்துப் பாருங்கள். நாகேஷ் நடிக்கும் செல்லப்பா ஒரு படம் எடுக்கத் துடிக்கிறான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று கம்பெனிக்குப் பேர்கூட வைத்துவிட்டான். இல்லாதது முதல் மட்டும்தான். அதை அப்பாவாக வரும் பாலையாவிடமிருந்து கறக்க வேண்டும். பணமில்லாதவன் கதை சொல்கிறான், பணமுள்ளவர் பயந்து நடுங்குகிறார். அந்தச் சில நிமிடங்களுக்கு அதிகாரம் இடம் மாறிவிடுகிறது. படம் வெளிவந்த 1964இல் தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு தலைதூக்கியிருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றும் அளவுக்கு அந்தப் பசி முற்றியது. அத்தகைய காலத்தில்தான் மக்கள் இந்தப் படத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதில் நாயகனாக அறிமுகமான இரவிச்சந்திரன் நம் மலாயாவில் பிறந்தவர் என்பதை இங்குள்ள பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

தமிழ் பேசும் படமே பஞ்ச காலத்துப் பிள்ளைதான். ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, கதைக்குத் தொடர்பில்லாத பாட்டெல்லாம் நடுவே வரும். ஆனாலும் திரை தமிழ் பேசுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஜனம் திரண்டது. அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய பெருமந்தம் அப்போது உலகையே உலுக்கிக்கொண்டிருந்தது. அந்த அடி மலாயாவில் இருந்த நம்மவர்களைக் கடுமையாகத் தாக்கியது. கார் டயருக்குக் கேட்பாரில்லை. ரப்பர் விலை ராத்தல் சில காசு என்று சரிந்தது. தோட்டங்களில் நாள் கூலியை வெட்டினார்கள். பிறகு ஆட்களையே வெட்டினார்கள். 1930 முதல் 1932 வரை மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் மூட்டையோடு இறங்கிய அதே காலத்தில், அந்தச் சென்னையிலேயே தமிழ் பேசும் படம் ஓடத் தொடங்கியிருந்தது.

இங்கேயும் அதேபோலத்தான். முதல் மலாய்ப் படமாகச் சொல்லப்படும் ‘லைலா மஜ்னுன்’ சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது 1933இல். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். ரப்பரும் ஈயமும் விலைபோகாத காலத்தில் ஒருவர் காதல் கதைக்கு முதல் போட்டார், மற்றவர்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பணம் இருந்தால்தான் கலை பிறக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு, மந்தம் வந்தால் சினிமா செழிக்கும் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். அது பாதி உண்மை. பெருமந்தத்தின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வாரத்துக்கு 80 மில்லியனுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1933 வாக்கில் அது 60 மில்லியனை ஒட்டிச் சரிந்தது. பாரமவுண்ட், ஆர்கேஓ போன்ற பெரிய நிறுவனங்களே கடனில் மூழ்கி நீதிமன்றப் பொறுப்புக்குப் போயின. கூட்டம் தானாகத் திரும்பி வரவில்லை. கட்டணத்தைக் குறைத்தார்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். வாரத்தில் ஒருநாள் வரும் பெண்களுக்குப் பீங்கான் தட்டு, கோப்பை என்று கொடுத்து, தவறாமல் வந்தால் ஒரு முழு செட் சேரும்படி செய்தார்கள். ஜனத்துக்கு ஆசை எப்போதும் இருந்தது, எட்டும் விலையில் கதவைத் திறந்ததும் வந்தார்கள். நம் விவகாரத்தின் முடிச்சும் இந்த விலையில்தான் இருக்கிறது.

நம் தோட்டப்புறங்களில் அந்தக் கதவே இல்லை. திடலில் இரண்டு கம்பம் நட்டு, நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். பொழுது சாயும் முன்பே லயத்துப் பெண்கள் பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். மின்னாக்கி இயந்திரம் ஒரு பக்கம் தடதடக்கும். சைக்கிளில் கச்சாங் பூத்தே விற்பவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்திருப்பார். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். பின்பக்கமே உட்கார்ந்து வளர்ந்த சில பிள்ளைகள், பிற்பாடு பட்டணத்தில் கொட்டகைக்குப் போய் அவர் வலக்கையால் சண்டை போடுவதைக் கண்டு திகைத்துப் போனார்களாம். ரீல் மாற்றும் இடைவெளியில் ஊர்க்கதை, சம்பந்தம் பேசுவது, பழைய சண்டைக்குச் சமாதானம் எல்லாம் நடக்கும். விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். அதைத் தெரிந்தேதான் நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் திடலில் கிராணியும் இருப்பார், கங்காணியும் இருப்பார், பால்வெட்டுபவரும் இருப்பார். நாற்காலிக்கும் பாய்க்கும் வித்தியாசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் திரையில் வில்லன் பி.எஸ். வீரப்பா சிரிக்கும்போது நாற்காலியும் பயந்தது, பாயும் பயந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத்துக்கே இந்தத் திரையின் வலு தெரிந்திருந்தது. தகவல் இலாகாவின் வாகனங்கள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போய்ப் படம் காட்டின. 1946இல் தொடங்கிய மலாயாத் திரைப்படப் பிரிவு அவற்றைத் தயாரித்தது. தமிழ் வருணனையும் உண்டு. அதுவே பிற்பாடு பிலேம் நெகாரா ஆகி, 1965இல் பெட்டாலிங் ஜெயாவுக்குக் குடிவந்தது. மக்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திரையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அன்றைய அதிகாரிகளுக்குப் புரிந்திருந்தது.

பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் தோட்டம்தான். கோலாலம்பூர் நெரிசலைக் குறைக்க 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர் தோட்டத்தை அழித்து உருவாக்கிய நகரம் இது. பால்மரம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் வந்தன, பிறகு தொழிற்சாலைகள், அவற்றை ஒட்டிக் கொட்டகைகள். நியூ டவுனில் ஸ்டேட் தியேட்டர் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்குத் தெரியும். கோலாலம்பூரில் நூறாண்டைத் தாண்டிய கொலீசியம், கிள்ளானில் ஸ்ரீ இந்தான், பிரிக்பீல்ட்ஸில் இன்று இல்லாமல் போய்விட்ட லீடோ. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு இவைதான் அடுத்த திடல். அடுக்குமாடிக்கும் கம்பத்து வீட்டுக்கும் சிதறிப்போன உறவுக்காரர்கள் தீபாவளிப் படத்துக்கு வந்து வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈய விலை விழுந்து, வேலை போய், பொருளாதாரம் சுருங்கிய 1985இல் கொட்டகைக்குப் போக முடியாதவர்கள் வீடியோ டெக்கை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தார்கள். நான்கு வீடு காசு சேர்க்கும். ஒரு வீட்டுக் கூடத்தில் மூன்று படம் விடிய விடிய ஓடும். நாட்டின் உற்பத்தி ஏழு விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கி, ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட 1998இல் வீசிடி வந்து சேர்ந்தது. கருவி மாறினாலும் சேர்ந்து உட்காரும் வழக்கத்தை நம் ஜனம் விடவில்லை.

மலாய்ப் படங்களையும் நாம் நம் படங்களாகவே பார்த்தோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நடிகரும் இயக்குநருமான பி. ரம்லி கதாநாயகனாக முதலில் நடித்த ‘பக்தி’ படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். அவரைப் போல இந்தியாவிலிருந்து வந்த பலர் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் உழைத்தார்கள். அதனால்தானோ என்னவோ ரம்லியின் படங்களில் தமிழனுக்கு அந்நியமாக ஒன்றும் இருக்காது. சுதந்திரம் பெற்ற 1957இல் வந்த ‘புஜாங் லாப்போக்’கில் மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகள் வாடகை வீட்டில் நாள் தள்ளுகிறார்கள். அவர் முதலில் இயக்கிய ‘பெனாரிக் பேச்சா’ (1955) ரிக்‌ஷா இழுப்பவன் கதை.

எனக்கு மிகவும் பிடித்தது 1962இல் வந்த ‘லாபு டான் லாபி’. ஹாஜி பாக்கில் என்ற மகா கருமியின் வீட்டில் லாபு, லாபி என்று இரண்டு வேலைக்காரர்கள். ஒருவன் சமையல்காரன், ஒருவன் காரோட்டி. பகலெல்லாம் திட்டும் அடியும். இரவு படுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். நீ யாராக இருக்க ஆசைப்படுகிறாய் என்று ஒருவன் கேட்க, ஒருவன் நீதிபதியாகிறான், ஒருவன் டாக்டராகிறான், முதலாளியின் மகளைக் கைப்பிடிக்கப் போட்டியும் வந்துவிடுகிறது. கற்பனையில்கூட இருவரும் சண்டை போட்டுக்கொண்டு விழித்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் மறுபடி அதே வேலை. ரம்லி அந்தக் கனவை ஏளனம் செய்யவில்லை, அதை நிஜம் என்று சொல்லி ஏமாற்றவுமில்லை. இரண்டு வேலைக்காரர்களுக்கு அவர்களுடைய இரவைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். தங்கவேலுவின் பொய்யும் லாபியின் கனவும் ஒரே இடத்திலிருந்து வருபவை: கௌரவத்தை இழக்க மறுக்கும் ஏழையின் நாக்கு.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, வலுவானது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில், ஏழையின் நண்பனாகத் திரையில் வாழ்ந்தவரின் ஆட்சியில் ஏழை என்ன பெற்றான் என்று கணக்குப் பார்த்தார். படகோட்டியாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் நடித்த பிம்பமே ஓட்டாக மாறி, ஏழைகளின் குடிக்காசையும் வரியாக வசூலித்தது என்பது அவர் முடிவு. தமிழகத்தைப் பொறுத்தவரை அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் மலேசியத் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. இங்குள்ளவர்களுக்கு அவர் ஆட்சியாளராக வரவில்லை, துரையை எதிர்த்து ஒருவன் நிமிர்ந்து பேசுவது எப்படி இருக்கும் என்று காட்டியவராக வந்தார். பெரட்டுக்களத்தில் தலை குனிந்து நின்ற ஆளுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி தலை நிமிர்ந்து பார்க்க ஏதோ இருந்தது. தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனவனும் அவனே, படத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவனும் அவனே. படம் பார்த்ததால் அவன் போராட மறந்தான் என்று நம் வரலாறு சொல்லவில்லை.

பாண்டியனின் எச்சரிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுண்டு. எல்லாப் படமும் கஷ்டகாலத்துக்கு உதவாது. ஏழையின் வாழ்வைத் தெரிந்தவன் எடுத்த படத்தில் வாடகை பாக்கியும் கடன்காரனும் நகைச்சுவைக்குள்ளேயே இருப்பார்கள். இன்றைய பெரிய படங்கள் பலவற்றில் நாயகனுக்கு என்ன வேலை, வீட்டு வாடகை எவ்வளவு என்றே தெரியாது. துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதற்குக்கூடக் கணக்கில்லை. விதிவிலக்குகள் உண்டு. நம் நாட்டில் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’ 2015இல் வந்தது. தோட்டம் கலைந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு குடும்பத்தின் பையனை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் வேறில்லை. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. அதைத் திரையரங்கில் பார்த்தவர்களைவிடப் பிற்பாடு கேள்விப்பட்டவர்களே அதிகம் என்பது நம் வெட்கம்.

இப்போது விலைக்கு வருகிறேன். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் வார இறுதியில் பேரங்காடித் திரையரங்குக்குப் போய், டிக்கெட், பிள்ளைகள் கேட்கும் சோளப்பொரி, தண்ணீர், கார் நிறுத்தக் கட்டணம் எல்லாம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் நூறு வெள்ளித் தாள் ஒன்று போதுவதில்லை. ஒன்றரை நாள் உழைப்பு மூன்று மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. பெட்டாலிங் ஜெயாவின் பி.ஜே.எஸ். பகுதியில் உள்ள தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகளில் வாழும் குடும்பம் இதை வருஷத்துக்கு எத்தனை முறை செய்ய முடியும்? தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. மிச்ச நாளெல்லாம் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு மூலை. அந்தத் தம்பி மாமாக் கடையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சிரிப்பு இருக்கிறது, பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது.

நம்மைச் சிரிக்க வைத்தவர்களின் கதியையும் பேசாமல் போகக் கூடாது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வேயில் வெளியாகி மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அது உலகப் போர்க்காலம், பிலிமுக்கே ரேஷன். இங்கே நம் குடும்பங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு, சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று காத்திருந்தன. அப்படியொரு காலத்துக்குப் பாட்டுக் கொடுத்த பாகவதர் 1959இல் வறுமையில் இறந்தார். பி. ரம்லி 1964இல் சிங்கப்பூரை விட்டு ஹுலு கிள்ளான் மெர்டேக்கா கூடத்துக்கு வந்தார். கறுப்பு வெள்ளையின் காலம் முடிந்தது, படங்கள் ஓடவில்லை, கேலி பேசினார்கள். 1973 மே 29ஆம் தேதி தம் 44ஆம் வயதில் கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தார். செத்த பிறகு அவர் பேரில் சாலையும், செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீட்டில் நினைவகமும் வந்தன.

அவர்கள் பழங்காலத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் நம் கல்யாண மண்டபங்கள் மூடின. மேடைப் பாடகர், உறுமி மேளக் குழு, அறிவிப்பாளர், ஒலிபெருக்கிக்காரர், மேடை அலங்காரம் செய்பவர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வரும்படி நின்றது. நாமோ வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர்களுடைய பாட்டையும் நகைச்சுவையையும் இலவசமாகப் பார்த்துப் பொழுதை ஓட்டினோம். கஷ்டகாலத்தில் அவர்கள் நமக்குத் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு நாம் எவ்வளவு கொடுத்தோம்? பழைய இசைக்கருவியை விற்று வீட்டு வாடகை கட்டிய கலைஞர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே உபதேசத்தை நிறுத்திவிட்டுத் திரையைக் கட்டச் சொல்கிறேன். அன்றைக்குத் திடலில் செய்ததை இன்றைக்கு மண்டபத்தில் செய்யலாம். பெட்டாலிங் ஜெயாவில் மாநகர் மன்றத்தின் சிவிக் மண்டபம் இருக்கிறது. கோலாலம்பூரில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் டான்ஸ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. துண்டாடப்பட்ட தோட்டங்களைக் காப்பாற்ற பால்வெட்டுபவர்கள் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தில் 1960இல் எழுந்த சங்கம் அது. பால்வெட்டுபவரின் பேரப்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படம் பார்ப்பது அதன் நோக்கத்துக்கு விரோதமாகாது. கோயில் மண்டபங்களும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களும் வார நாள் மாலைகளில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன.

பழைய தமிழ்ப் படங்களைத் துலக்கித் திரையிட்டால் ஜனம் வரும் என்பது 2012இலேயே தெரிந்துவிட்டது. சிவாஜியின் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியானபோது, புதுப் படங்களோடு போட்டி போட்டுத் தமிழகத்தில் ஓடியது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) 2014இல் அப்படியே. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாகப் பேசி, கட்டணம் கொடுத்து இங்கே கொண்டுவரலாம். மலாய்ப் படங்களுக்கு, ரம்லி வந்து சேர்ந்த அதே மெர்டேக்கா வளாகத்தில் இருந்து இயங்கும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் உதவ வேண்டும். ஒரு மாலை தங்கவேலு, அடுத்த மாலை ரம்லி என்று வைத்து, தமிழ்ப் படத்துக்கு மலாய் வசன வரியும் மலாய்ப் படத்துக்குத் தமிழ் வசன வரியும் போட்டால் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் வருவார். சீனரும் வருவார். மூன்று இனமும் ஒரே இடத்தில் சிரிப்பதற்கு ஒற்றுமைக் கருத்தரங்கத்தைவிட இது மலிவு.

இடைவேளையில் உள்ளூர்க் கலைஞர் ஒருவர் பத்து நிமிடம் மேடையேற வேண்டும். நன்கொடையாக இல்லாமல் பேசிய சம்பளத்துக்கு. கச்சாங் பூத்தே விற்க ஒரு வியாபாரிக்கு இடம் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் படம் காட்டிய இயந்திரக்காரர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் விசாரித்தால் கிடைப்பார்கள். அவர்கள் நினைவில் இருப்பதை யாராவது இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும்; பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் ஐந்து வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மூத்த குடிமக்களுக்கும் இலவசம். அடுக்குமாடிகளிலிருந்து வருபவர்களுக்கு மாநகர் மன்றம் ஒரு பேருந்து விட்டால், படம் முடிந்து திரும்பிப் போகும் செலவும் மிச்சம். மாநகர் மன்றத்துக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். வரும் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு மண்டபத்தில் தொடங்கினாலும் போதும்.